எஜுகேஷனல் சைக்காலஜியும் ஸ்கூல் சைக்காலஜியும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் கல்விப் பக்கத்தில் வெளிநாட்டு உளவியல் மேற்படிப்பு பற்றி வந்த கட்டுரையை இங்கே நியூஜெர்சியில் இருந்து இணையப் பதிப்பில் படித்தேன். தமிழில் இதைப் பற்றி யாராவது எழுதமாட்டார்களா என்று பல வருடமாக ஏங்கியவள் நான், அதனால் முதலில் நன்றி. ஆனால் அதில் ஒரு வரி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. எஜுகேஷனல் சைக்காலஜி அல்லது ஸ்கூல் சைக்காலஜியில் முதுகலை முடித்தால் அமெரிக்கப் பள்ளிகளில் உளவியலாளராகச் சேரலாம் என்று போட்டிருக்கிறீர்கள். கிட்டத்தட்ட இதே சொற்களை 2008இல் சென்னையில் ஒரு ஏஜென்ட் என் அப்பாவிடம் சொன்னார். அந்த ஒரு ‘அல்லது’வை நம்பி எங்கள் வீட்டில் இரண்டு வருடமும் 15 லட்சம் ரூபாயும் போயிற்று.

நான் கோவையில் எம்.எஸ்சி. சைக்காலஜி வரை படித்தவள். அப்பா மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். குழந்தைகளோடு வேலை பார்க்க வேண்டும், அதுவும் ஆஸ்பத்திரியில் இல்லை, பள்ளிக்கூடத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. ஏஜென்ட் காட்டிய பல்கலைக்கழகம் தரவரிசையில் மேலே இருந்தது. படிப்பின் பெயர் எம்.எட்., எஜுகேஷனல் சைக்காலஜி. எல்லாம் ஒன்றுதான் மேடம், உள்ளே போனதும் பள்ளியில் வேலை கிடைக்கும் என்றார். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கிக்கொண்டு விமானம் ஏறினேன்.

மூன்றாவது செமஸ்டரில் ஒரு நாள், பக்கத்து ஊர் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்துக்குப் போய், படிப்பு முடிந்ததும் எனக்கு இங்கே வேலை கிடைக்குமா என்று கேட்டேன் (இங்கே அரசுப் பள்ளிகளை ஊருக்கு ஊர் இருக்கும் இந்த டிஸ்ட்ரிக்ட்டுகள்தான் நடத்துகின்றன). பணியாளர் பிரிவில் இருந்த அம்மா ரொம்பப் பொறுமையானவர். உங்கள் சர்டிபிகேஷன் (பள்ளியில் இந்த வேலை பார்க்க மாநிலம் தரும் சான்றிதழ்) என்ன என்று கேட்டார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. அவர் தன் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பி, மாநிலக் கல்வித் துறையின் பக்கத்தைத் திறந்து, விரலை ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வந்தார். இன்டர்ன்ஷிப் என்ற வரியில் விரல் நின்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணி நேரம் பயிற்சி கேட்டிருந்தார்கள். என் படிப்பில் ஒரு மணி நேரம்கூட இல்லை. சாரி ஹனி என்றார். பஸ் ஸ்டாப்பில் எத்தனை நேரம் நின்றேன் என்று இன்றைக்கும் எனக்கு நினைவில்லை.

அந்தப் பல்கலைக்கழகத்தின் படிப்பு மட்டமானது என்று சொல்லவரவில்லை. பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள், ஒரு தேர்வை எப்படி வடிவமைப்பது, ஆய்வை எப்படிச் செய்வது என்று நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். என் வருத்தம் வேறு. விண்ணப்பத்தோடு அனுப்பிய கட்டுரையில் ஸ்கூல் சைக்காலஜிஸ்ட் ஆக வேண்டும் என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தேன். சேர்க்கைக் குழுவில் அதைப் படித்த ஒருவராவது, அம்மா நீ கேட்கிற வேலைக்கு இந்தப் படிப்பு வழியில்லை என்று ஒரு வரி மெயில் போட்டிருக்கலாம். யாரும் போடவில்லை. பீஸ் கட்டச் சொல்லி மட்டும் மெயில் ஒழுங்காக வந்தது.

அதனால்தான் இந்தக் கடிதம் நீளமாகப் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். 2010இல் முதலிலிருந்து ஆரம்பித்து, சரியான படிப்பில் சேர்ந்து, 2013 செப்டம்பரிலிருந்து மத்திய நியூஜெர்சியில் ஒரு அரசுப் பள்ளியில் இதே வேலையில் இருக்கிறேன். ஊரிலிருந்து தெரிந்தவர் பிள்ளைகள் வருடத்துக்கு ஐந்தாறு பேராவது போன் செய்து எந்த யுனிவர்சிட்டி நல்லது அக்கா என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். பிரிட்டனில் நான் பார்க்கும் வேலைக்குப் பெயரே எஜுகேஷனல் சைக்காலஜிஸ்ட்தான். அங்கே, இங்கிலாந்தில், 2006லிருந்து அதற்கு மூன்று வருட டாக்டரேட் பயிற்சி வேண்டும், பதிவு செய்யாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் அதே பெயர் ஆராய்ச்சிப் படிப்பைக் குறிக்கிறது. ஏஜென்ட்டுகள் குழம்புவதற்கும் குழப்புவதற்கும் இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஸ்கூல் கவுன்சலர் என்பவர் இன்னொருவர், அவருக்குத் தனிப் படிப்பு, தனிச் சான்றிதழ். பிள்ளையின் பாடத் தேர்வு, கல்லூரி விண்ணப்பம், மனசு சரியில்லாமல் வந்து உட்கார்ந்தால் பேசுவது எல்லாம் அவர் பார்ப்பார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆஸ்பத்திரி, கிளினிக் பக்கம், அதற்கு டாக்டரேட் வேண்டும். ஸ்கூல் சைக்காலஜிஸ்ட் நான்காவது ஆள்.

இந்த வேலை இவ்வளவு பெரிதானதற்குக் காரணம் 1975இல் அமெரிக்க நாடாளுமன்றம் கொண்டுவந்த ஒரு சட்டம். குறைபாடு உள்ள எந்தக் குழந்தையையும் அரசுப் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது, இலவசமாக, அந்தக் குழந்தைக்குப் பொருத்தமான கல்வி கொடுக்க வேண்டும் என்றது அது. 1990இல் பெயர் மாறி இப்போது ‘ஐடியா’ சட்டம் என்கிறார்கள். எந்தக் குழந்தைக்கு என்ன தேவை என்று யாராவது முறையாகச் சோதித்துச் சொல்ல வேண்டுமே, அந்த ஆள்தான் நாங்கள். நியூஜெர்சியில் சைல்ட் ஸ்டடி டீம் என்று ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டிலும் உண்டு: ஒரு உளவியலாளர், கற்றல் குறைபாடுகளைப் பார்க்கிற ஆசிரியர் ஒருவர், சமூகப் பணியாளர் ஒருவர். பிள்ளையைச் சோதிக்கச் சொல்லிப் பெற்றோர் எழுதிக் கொடுத்தால் 20 நாளுக்குள் கூடிப் பேச வேண்டும். சோதிக்கலாம் என்று அவர்கள் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து 90 நாளுக்குள் சோதனை, அறிக்கை, அந்தப் பிள்ளைக்கான தனித் திட்டம் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். நாள் தவறினால் சட்டப் பிரச்சினை. இதோடு தற்கொலை எண்ணம் சொல்லும் பிள்ளையை உட்காரவைத்துப் பேசுவது, வகுப்பில் நாற்காலியைத் தூக்கி எறிகிற பிள்ளை எதற்காக எறிகிறான் என்று மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பது, களைத்துப்போன ஆசிரியருக்குத் தோள் கொடுப்பது. அறிக்கை எழுதுவதிலேயே பாதி வாழ்க்கை போகிறது, இதையும் படிக்க வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எழுதப் பிடிக்காதவர்கள் இந்த வேலையில் ரொம்பத் திண்டாடுகிறார்கள்.

சரி, என்ன படிப்பது? பெரும்பாலான மாநிலங்களில் பள்ளியில் வேலை பார்க்கத் தேவைப்படுவது ஸ்பெஷலிஸ்ட் என்கிற பட்டம். எட்.எஸ். என்று போடுவார்கள், சில இடத்தில் வேறு பெயரில் இருக்கும். முதுகலைக்கும் டாக்டரேட்டுக்கும் நடுவில் இருக்கிற படி இது, நம் ஊரில் இதற்கு நேரான பட்டம் இல்லாததால்தான் யாருக்கும் புரிவதில்லை. குறைந்தது 60 கிரெடிட், முழுநேரமாகப் படித்தால் மூன்று வருடம். மூன்றாவது வருடம் முழுக்க இன்டர்ன்ஷிப், 1,200 மணி நேரம், அதில் 600 மணி நேரமாவது பள்ளிக்கூடத்தில். இந்த அளவுகோலை வைத்திருப்பது நாஸ்ப், அதாவது 1969இல் தொடங்கிய தேசியப் பள்ளி உளவியலாளர் சங்கம். அவர்கள் அங்கீகரித்த படிப்புகளின் பட்டியல் அவர்கள் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நான் 2008இல் அதை ஒரு பத்து நிமிஷம் பார்த்திருந்தால் போதும். அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்து, பிராக்சிஸ் என்ற தேர்விலும் தேறினால் என்சிஎஸ்பி என்ற தேசியச் சான்று கிடைக்கும். 30க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதை ஏதோ ஒரு விதத்தில் ஏற்றுக்கொள்கின்றன. கணவருக்கு டல்லாஸில் வேலை மாறினால் நீங்களும் மாற வேண்டும் அல்லவா, அப்போது இந்தச் சான்றின் அருமை தெரியும்.

அதற்குமேல் டாக்டரேட். ஆராய்ச்சியை மையமாகக் கொண்ட பிஎச்.டி. அல்லது தொழில் பயிற்சியை மையமாகக் கொண்ட சை.டி. (Psy.D.), ஐந்தாறு வருடம் ஆகும். இங்கே நியூஜெர்சி மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸில் சை.டி. இருக்கிறது, விஸ்கான்சின், மினசோட்டா போன்ற இடங்களில் பிஎச்.டி. இருக்கிறது. எட்.எஸ். படித்தவர் பெரும்பாலும் பள்ளிக்குள்தான் உளவியலாளர். வெளியே தனியாகக் கிளினிக் போட்டுப் பெயர்ப்பலகையில் சைக்காலஜிஸ்ட் என்று எழுத வேண்டுமானால் பெரும்பாலான மாநிலங்களில் டாக்டரேட்டும், இபிபிபி என்ற தேர்வும், மாநில உரிமமும் வேண்டும். பல்கலைக்கழகத்தில் கற்பிக்க விரும்பினாலும் டாக்டரேட்தான். பள்ளிப் பிள்ளைகளோடு இருப்பதுதான் ஆசை என்றால் எட்.எஸ். தாராளமாகப் போதும். பிஎச்.டி. என்றால்தான் மரியாதை என்று வீட்டில் சொல்வார்கள். ஆராய்ச்சியில் மனசு ஒட்டாமல் அதற்காக மட்டும் போன இரண்டு பேர் நடுவில் விட்டுவிட்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

டாக்டரேட் பார்க்கிறவர்கள் ஒரு விஷயத்தைக் கட்டாயம் செய்யுங்கள். ஏபிஏ என்ற அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு டாக்டரேட் படிப்பும் தன் இணையதளத்தில் ஒரு அட்டவணை வெளியிட்டே ஆக வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் விட்டுவிட்டுப் போனார்கள், முடிக்க எத்தனை வருடம் ஆயிற்று, என்ன செலவு, எத்தனை பேருக்கு உரிமம் கிடைத்தது என்று எல்லாம் வருடவாரியாக இருக்கும். வளாகத்தின் படங்களை அப்புறம் பார்க்கலாம், இதை முதலில் பாருங்கள். எட்.எஸ். படிப்புகளிடம் இதையே நேரில் கேளுங்கள்: கடைசி மூன்று வருடத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், பிராக்சிஸில் எத்தனை பேர் தேறினார்கள், இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள். நல்ல படிப்பை நடத்துகிறவர்கள் இதைக் கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று இருக்கிறது. தரவரிசையை விட, பேராசிரியர் பெயரை விட, பயிற்சியின்போது உங்கள் பக்கத்தில் யார் உட்காரப்போகிறார் என்பதைப் பாருங்கள்.

என் இரண்டாவது படிப்பில், இரண்டாம் வருடம், வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு தொடக்கப் பள்ளியில் பிராக்டிகம், அதாவது இன்டர்ன்ஷிப்புக்கு முன்னால் படித்துக்கொண்டே செய்யும் களப் பயிற்சி. இரண்டாம் வகுப்பில் ஒரு தமிழ்ப் பையன், ஊரிலிருந்து வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. வகுப்பில் பேசவே மாட்டான். ஆசிரியை எழுதிய குறிப்பில், கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் தன் கையையே பார்க்கிறான், கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறான், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிறான் என்று இருந்தது. ஆட்டிசமாக இருக்குமோ என்று அடியில் ஒரு கேள்விக்குறி. என் சூப்பர்வைசர் இந்த வேலையில் 25 வருடத்துக்கு மேல் இருந்த அம்மா. அந்தக் குறிப்பை என்னிடம் கொடுத்துவிட்டு, தானும் என்னோடு வந்து வகுப்பின் பின்பக்கம் குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். கணக்கு நேரம். ஆசிரியை எட்டும் ஐந்தும் எத்தனை என்று கேட்டார். பையன் மேசைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு, சுண்டுவிரலின் அடிக்கணுவில் கட்டைவிரலை வைத்து ஒன்று, நடுக்கணு இரண்டு, நுனி மூன்று, அடுத்த விரலில் நான்கு என்று போனான். ஒவ்வொரு விரலுக்கும் மூன்று, நான்கு விரலுக்குப் பன்னிரண்டு. பன்னிரண்டு முடிந்ததும் மறுபடி சுண்டுவிரலுக்கு வந்து ஒரே ஒரு கணு வைத்து நிறுத்தினான். பதிமூன்று. விடை சரி, ஆனால் அவன் வாய் திறப்பதற்குள் ஆசிரியை அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) பால் கணக்கு, பூக்கணக்கு எல்லாம் இப்படித்தான் போடுவார். வராந்தாவுக்கு வந்ததும் சூப்பர்வைசர் என்ன பார்த்தாய் என்று கேட்டார். அவன் எண்ணுகிறான் என்றேன். அவர் நின்றுவிட்டார். தன் கையை நீட்டி, காட்டு என்றார். அந்த வராந்தாவில், பிள்ளைகள் வரிசையாகச் சாப்பாட்டு அறைக்குப் போய்க்கொண்டிருக்க, அவர் மூன்று தடவை பன்னிரண்டு வரை எண்ணிப் பார்த்தார். அன்றைக்கே பையனின் அம்மாவை வரச் சொல்லி, நான் அந்தப் பையனோடு தமிழில் பேசி, கணக்கைத் தமிழில் கேட்டோம். பதில்கள் சரசரவென்று வந்தன. ஆங்கிலத்தில் பேசினால் பக்கத்து பெஞ்சுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், அதனால்தான் பேசுவதில்லை என்று அவனே சொன்னான். அறிக்கையில் அந்த விரல் எண்ணிக்கையை ஒரு பத்தி முழுக்க எழுதச் சொன்னார் சூப்பர்வைசர், நான்கு தடவை திருத்திக் கொடுத்தார். பையனுக்குத் தேவைப்பட்டது ஆங்கிலத்தில் உதவி, அது கிடைத்தது.

இதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை, தமிழ் தெரிந்த யாரும் கண்டுபிடித்திருப்பார்கள். அந்த அம்மா என்னோடு வந்து உட்கார்ந்தாரே, என்ன பார்த்தாய் என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாரே, அதுதான் பயிற்சி. அவரிடம் அந்த வருடம் பயிற்சி மாணவி நான் ஒருத்திதான். அதே வருடம் வேறொரு பல்கலைக்கழகத்தில் படித்த என் தோழிக்கு சூப்பர்வைசர் வாரத்துக்கு ஒரு போன்தான். சோதனைப் பெட்டியைக் கொடுத்துவிட்டு, வாரத்துக்கு இத்தனை பிள்ளைகள் என்று கணக்குக் கொடுத்தார்களாம். அந்த இடத்தில் அந்தக் குறிப்பு என் கைக்கு வந்திருந்தால் நானும் ஆசிரியை எழுதியதையே அறிக்கையில் போட்டிருப்பேனோ என்று இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

குழந்தையின் தாய்மொழியில்தான் சோதிக்க வேண்டும், முடியவே முடியாது என்றால் மட்டும் விதிவிலக்கு என்று ஐடியா சட்டமே சொல்கிறது. அது சும்மா வந்த விதி இல்லை. கலிபோர்னியாவில் ஸ்பானிஷ் பேசும் ஒன்பது குழந்தைகளை ஆங்கிலத்தில் சோதித்து மூளை வளர்ச்சி குறைந்தவர்கள் என்று தனி வகுப்பில் போட்டார்கள். ஸ்பானிஷில் மறுபடி சோதித்தபோது பெரும்பாலானோர் அந்த எல்லைக்கு மேலே வந்தார்கள். 1970இல் டயானா வழக்கு என்று நீதிமன்றம் போய், சமரசத்தில் முடிந்து, விதிகள் மாறின. ஆகவே படிப்பைத் தேடும்போது இரண்டு மொழிக் குழந்தைகளைச் சோதிப்பதற்கென்று தனிப் பாடமோ பயிற்சியோ இருக்கிறதா என்று கேளுங்கள். தமிழ், தெலுங்கு, குஜராத்தி பேசும் குழந்தைகள் நிறைந்த ஊர்களில் வேலை பார்க்கப் போகிறவர்களுக்கு இது அவசியம்.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது? பேராசிரியர்களை விட இரண்டாம் வருட மாணவர்களிடம் கேளுங்கள். நேர்காணல் நாளில் அவர்களைத் தனியாகச் சந்திக்க நேரம் கொடுப்பார்கள், கொடுக்காவிட்டால் நீங்களே கேட்டு வாங்குங்கள். பிராக்டிகம் எங்கே, இடத்தை பல்கலைக்கழகம் பிடித்துக் கொடுக்கிறதா அல்லது நீங்களே அலைய வேண்டுமா, சூப்பர்வைசர் கூட உட்காருகிறாரா, இன்டர்ன்ஷிப்பில் சம்பளம் உண்டா. கடைசியாக, எப்படிப் போகிறீர்கள். இந்தக் கேள்வியை யாரும் நினைப்பதில்லை. பயிற்சிப் பள்ளி 40 மைல் தள்ளி இருக்கும், பஸ் இருக்காது. முதல் வருடமே லைசென்ஸ் எடுத்துப் பழைய கார் ஒன்று வாங்கவில்லையென்றால் இரண்டாம் வருடம் அழ வேண்டிவரும்.

பணத்தைப் பற்றி. பிஎச்.டி.க்குப் பல இடங்களில் பீஸ் தள்ளுபடியும் மாத உதவித்தொகையும் கிடைக்கும். எட்.எஸ்.ஸுக்கு அது குறைவு, ஆனாலும் துறையில் உதவியாளர் வேலை உண்டா என்று கேட்பதில் தவறில்லை. உதவித்தொகையோடு இடம் வந்தால், பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை யோசிக்க அவகாசம் தர ஒப்புக்கொண்டிருக்கின்றன, இரண்டு நாளில் சொல் என்று அவசரப்படுத்தினால் பயந்துவிடாதீர்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: 2026 ஜூலை 1 முதல் புதிதாகச் சேருகிறவர்களுக்கு மேற்படிப்புக்கு அரசு தந்துவந்த கிராட் பிளஸ் கடன் கிடையாது, எட்.எஸ். போன்ற படிப்புக்கு அரசுக் கடன் வருடத்துக்கு 20,500 டாலர்தான். எனவே தனியார் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு மயங்காமல் உங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தை முதலில் பாருங்கள். வேலை கிடைக்குமா என்ற கவலை வேண்டாம். 500 மாணவருக்கு ஒருவர் வேண்டும் என்பது நாஸ்ப் பரிந்துரை, நாட்டின் சராசரியோ ஆயிரத்துக்கு மேல் இருக்கிறது.

இந்தியாவிலிருந்து எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வருகிறவர்களுக்கு மட்டும் சில விஷயம். முழுக்க ஆன்லைனில் நடக்கும் படிப்பில் அந்த விசாவில் சேர முடியாது. மூன்று வருட பி.ஏ., பி.எஸ்சி.யை எல்லாப் பல்கலைக்கழகமும் ஏற்பதில்லை, முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் இன்டர்ன்ஷிப். அது, படிப்பின் பகுதியாக வேலை பார்க்கத் தரும் சிபிடி என்ற அனுமதியில் நடக்கும். முழுநேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டுவிட்டால், படித்து முடித்தபின் கிடைக்க வேண்டிய ஒரு வருட ஓபிடி வேலை அனுமதி போய்விடும். பள்ளி வருடம் பத்து மாதம்தான் என்பதால் பொதுவாகத் தப்பிவிடலாம், ஆனால் கோடையிலும் சேர்த்து இழுத்துவிடாதீர்கள், தேதிகளைச் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எழுதிவாங்குங்கள். அதற்கப்புறம் விசா ஸ்பான்சர் செய்ய எல்லா டிஸ்ட்ரிக்ட்டும் முன்வராது. என் வகுப்பில் படித்த ஒரு பெண் மூன்று இடத்தில் வேலை கிடைத்தும் இதனாலேயே சேர முடியாமல் போயிற்று. ஆகவே மாணவர்களிடம் பேசும்போது, உங்களுக்கு முன்னால் படித்த வெளிநாட்டு மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றும் கேட்டுவிடுங்கள்.

படித்துவிட்டு ஊருக்குத் திரும்பப் போகிறேன் என்று சொல்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது, ஆனால் அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இந்திய மறுவாழ்வு கவுன்சிலான ஆர்.சி.ஐ. வைத்திருக்கும் பதிவேட்டில் ஸ்கூல் சைக்காலஜிஸ்ட் என்று தனிப் பிரிவு கிடையாது. 2016ஆம் வருடச் சட்டம் கற்றல் குறைபாட்டை மாற்றுத்திறன் பட்டியலில் சேர்த்த பிறகு, சோதித்துச் சொல்லத் தெரிந்தவர்களுக்கான தேவை ஊரில் ரொம்பவே கூடிவிட்டது, பள்ளிகள் கவுன்சலர் என்ற பெயரில் ஆள் எடுக்கவும் செய்கின்றன. அங்கேயே இருந்து பள்ளியில் வேலை பார்க்க ஆசைப்படுகிறவர் இங்கே வந்து இவ்வளவு செலவழிப்பதை விட, முறையான கல்லூரியில் நேரடி வகுப்பில் கவுன்சலிங் அல்லது கிளினிக்கல் பக்கம் படிப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். நேரடி வகுப்பு என்று ஏன் சொல்கிறேன் என்றால், 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக்கூடாது என்று யுஜிசி சொல்லிவிட்டது. இது தெரியாமல் இன்னும் பணம் கட்டிவிடுவார்களோ என்று கவலையாக இருக்கிறது, இதைப் பற்றியும் உங்கள் கல்விப் பக்கத்தில் ஒரு குறிப்பு போட்டால் நன்றாக இருக்கும்.

என் அப்பா அந்தக் கடனை 2017இல்தான் முழுதாக அடைத்தார், நான் அனுப்பியதும் அவர் பென்ஷனும் சேர்ந்து. பத்திரத்தை வங்கியிலிருந்து வாங்கிக்கொண்டு வந்த அன்று போனில் அதைப் பற்றிப் பேசவில்லை, நீ அந்தப் பையன் விரல் எண்ணினதைச் சொன்னாயே, அதை மறுபடி சொல்லு என்றார்.

ஆசிரியர் அவர்களே, அந்த ‘அல்லது’வை எடுத்துவிட்டு, இரண்டும் வேறு வேறு படிப்பு என்று அதே ஞாயிறு பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். சில பல்கலைக்கழகங்களுக்கு டிசம்பர் முதல் தேதியே கடைசி நாள், அதற்கு முன்னால் வந்தால் இந்த வருடம் விண்ணப்பிக்கிற பிள்ளைகள் கண்ணில் படும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
நியூஜெர்சி